இறுக்கிக் கடைய மாட்டேன்

இன்று மீமிசல் உப்பள முதலாளி என் லேத்துப் பட்டறைக்கு வந்து சண்டை போட்டார்.

கடல்தண்ணீர் இறைக்கும் அவருடைய சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். ஆனாலும் அதன் தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ்ஷை உப்பும் மணலும் தின்றுவிடுகின்றன. தடவிய கிரீசும் தண்ணீரோடு போய்விடுகிறது. அதனால் இந்தத் தடவை நைலானில் கடைந்து வைத்திருந்தேன்.

"நைலான்ல சேலைதான் கட்டுவாங்க, சக்கரமா சுத்துவாங்க?" என்றார். தண்டில் மாட்டி ஆட்டிப் பார்த்தார். "லொடலொடங்குதே! ஒம் புருசன் இருந்தா இப்படிக் கடைவாரா? இறுக்கிக் குடு."

அவர் போனால் பட்டறையில் பாதி வேலை போய்விடும். ஆனாலும் விடவில்லை.

"இறுக்கிக் கடைய மாட்டேங்க. நைலான் தண்ணி குடிச்சா ஊதும். இறுக்கமா இருந்தா தண்டைக் கவ்விப் பிடிச்சு சக்கரம் நின்னுரும்."

அதே அளவில் கடைந்த இன்னொரு புஷ்ஷை, சக்கரத்தில் அது உட்காருவது போன்ற இரும்புக் கூட்டில் அடித்துப் போன வாரமே உப்புத்தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். அதை எடுத்து வந்து, அவரையே தண்டில் மாட்டச் சொன்னேன். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"என்ன இருந்தாலும் பித்தளை பித்தளைதான்" என்று முணுமுணுத்தபடி, நைலான் புஷ் இரண்டையும் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

நாளைக்கு மணமேல்குடிக்காரர் ஒருவர் பித்தளைதான் வேண்டும் என்று வருகிறாராம். பித்தளைக்காக வாதாட ஆசைப்படுகிறவர்கள் அவரோடு சேர்ந்தே வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன். புஷ்ஷை என் அளவில்தான் கடைவேன்.