பூரிம் தட்டும் பிள்ளையாரும் ஒரே அடுக்கில்

இரண்டு குழி வைத்த தட்டு வேண்டும் என்று அந்த அம்மா போனில் கேட்டபோது, ஊறுகாய்க்கு ஒரு குழி என்றுதான் நினைத்தேன். மும்பை யூதக் குடும்பம். சென்னையில் வெகுகாலம் இருந்ததால் தமிழ் சரளம். அவர்களுடைய பூரிம் பண்டிகையன்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தின்பண்டம் போக வேண்டுமாம், அதுவும் இரண்டு வகையாவது. அந்த வருஷம் அவர்களின் பண்டிகையும் எங்கள் விருத்தாசலத்து மாசி மகமும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வந்தன. ஒரே நிலா, இரண்டு கொண்டாட்டம்.

தட்டுகளை வார்த்து, காயவைத்து, வெள்ளைக் கிளேஸ் பூச்சில் முக்கி எடுத்துவிட்டேன். சுடுவதுதான் பாக்கி. எங்கள் சின்னப் பட்டறைகளுக்கு இருப்பது ஒரே பொதுச் சூளை. சரக்கை அடுக்கி உள்ளே தள்ளும் ட்ராலி நிறையாமல் அதைப் பற்றவைக்க மாட்டார்கள். பாதிக்கும் முழுசுக்கும் ஒரே அளவு கேஸ்தான் எரியும். என் சரக்கும் பக்கத்துப் பட்டறைப் பொம்மைக்காரர் சரக்கும் சேர்ந்துதான் எப்போதும் ட்ராலி நிறையும். பிள்ளையார் சதுர்த்திச் சரக்கு ஏற்றிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவருடைய பிள்ளையார்களுக்கு மேல் அடுக்கில் நான் சோப்புப் பெட்டிகளை வைத்துவிட்டேன்.

"சாமி தலைக்கு மேல பாத்ரூம் சாமானா?" என்றார்.

"சூளைக்குள்ள எல்லாம் மண்ணுதாண்ணே" என்றேன். அதோடு சரி.

மாசி மகத் தேர் கிளம்பிவிட்டால் பட்டறைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பண்டிகை முடிந்தபின் போய்ச் சேரும் தட்டு வெறும் தட்டு. அந்த அம்மாவை அழைத்து, வேறு ஊர்ச் சூளைக்கு நானே வேனில் கொண்டுபோகிறேன் என்றேன். சுடாத தட்டு பள்ளம் மேட்டில் உடையாதா என்றார். பேச்சை மாற்றிப் பண்டிகைக் கதையைக் கேட்டேன்.

பாரசீக அரசனின் மந்திரி, யூதர்களை ஒழிக்க உத்தரவு வாங்குகிறான். உங்கள் நாடெங்கும் ஒரு சனம் சிதறிக் கிடக்கிறது, அவர்கள் சட்டமே வேறு என்பது அவன் சொன்ன கோள். ராணியும் யூதப் பெண்தான், அரசனுக்குத் தெரியாது. கூப்பிடாமல் அவன் முன் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. போகிறாள்.

"தனியாப் போனா பாருங்க, அதாம்மா தைரியம்."

"அவசரப்படாதீங்க சார். அதுக்கு முன்னால, நகரத்துல இருக்கிற யூதர் எல்லாரையும் ஒண்ணாக் கூட்டுங்க, எனக்காக மூணு நாள் நோன்பு இருங்கன்னு சொல்லி அனுப்பினா. அப்புறம்தான் போனா."

"அப்ப இந்தத் தட்டு?"

"சிதறிக் கிடக்கிறாங்கன்னுதானே அவன் சொன்னான்? அதுக்கு நாங்க வருஷா வருஷம் சொல்ற பதில். என்கிட்ட பேசாத நாத்தனாருக்கும் ஒண்ணு போகும்."

அந்தச் சிதறல் எனக்குள் உருண்டுகொண்டே இருந்தது. தனித்தனியாக நிற்பவர்களைத் துடைத்தெறிவது எளிது என்று மந்திரி கணக்குப் போட்டான். ராணி முதலில் அந்தக் கணக்கைக் கலைத்தாள். அவள் நடக்கிறாள், பின்னால் ஒரு நகரத்தின் வயிறுகள் காய்ந்து கிடக்கின்றன. அரண்மனைப் படியில் கேட்பது ஒருத்தியின் காலடியா என்ன?

பொம்மைக்காரர் பட்டறைக்குள் நுழைந்தேன். கிளிக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அண்ணே, ட்ராலி போடலாம்."

"சோப்பு டப்பா இருக்குதா?"

"இல்ல. ரெண்டு குழித் தட்டு."

"பல்லாங்குழி ஆடப் போறாங்களா?"

கதையைச் சொன்னேன். தூரிகை நின்றது.

"அந்த மந்திரி என்னா ஆனான்?"

"அவன் நட்டு வச்ச தூக்கு மரத்துலயே தொங்கினான்."

"நல்லா வேணும்." கிளியைக் கீழே வைத்தார். "பண்டிகைத் தட்டுன்னா என் பிள்ளையார் பக்கத்துலயே ஒக்காரட்டும்ப்பா. மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

அப்படியும் ஓர் அடுக்கு காலி. எதிரே பீங்கான் ஃப்யூஸ் செய்கிற பாயைப் பொம்மைக்காரரே கூப்பிட்டுக் கதையைச் சொன்னார், என்னைவிட நன்றாக. ரம்ஜான் நோன்பில் உதடு காய்ந்திருந்த பாய் சிரித்தார்.

"அந்த ராணி கேட்ட நோன்புல நான் ஏற்கெனவே இருக்கறேன். ஃப்யூஸு கொண்டாரேன், இருங்க."

அன்றே சூளை பற்றியது. ஆறித் திறந்தபோது தட்டுகள் தட்டினால் மணி போல ஒலித்தன. நேரத்தோடு மும்பை போய்ச் சேர்ந்தன. விளிம்பு கோணிய ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

மகத்தன்று அதில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்துப் பொம்மைக்காரர் வீட்டுக்கு அனுப்பினேன். பொழுது சாய்ந்தபின் தட்டு திரும்பியது, பாய் வீட்டிலிருந்து. ஒரு குழியில் வடை, ஒரு குழியில் பேரீச்சம்பழம். கோணல் விளிம்பில் கிளிப்பச்சையாக ஒரு விரல் தடம்.