மெடிக்கலுக்கு முன் பிடித்த விரதம்

ஆசிரியர் கலாசாலைக்குள் நுழைய என்னென்ன வேண்டும் என்று அந்தக் காலத்தில் என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். உயர்தரத்தில் சித்தி, நற்சான்று, வயது எல்லை, நேர்முகப் பரீட்சை, கடைசியாக மெடிக்கல் என்கிற உடற்பரிசோதனை. எங்கள் ஊரில் இயக்கத்துக்குத் துவக்குத் தூக்கப் போனவர்களிடம் யாரும் நிறை பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குவதற்குத்தான் அத்தனை சோதனை.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் நான் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். தொண்டர் என்றால் சம்பளம் இல்லை. கலாசாலையில் பயின்று வந்தால்தான் நிரந்தரமாக்குவார்கள். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் தவறிவிட்டது. தொண்ணூற்றைந்தில் நேர்முகப் பரீட்சையில் எடுபட்டேன். அடுத்த வருடம் வயது எல்லையைத் தாண்டிவிடுவேன் என்பதால் அதுதான் கடைசித் தடவை.

அம்மாவுக்கு என்னைவிடப் பதற்றம். கந்தசஷ்டி தொடங்கியபோது, "பிள்ளை, இந்தமுறை கடும் விரதமாப் பிடி. முருகன் கைவிடமாட்டான்" என்றார். கடும் விரதம் என்றால் ஆறு நாளும் சோறு இல்லை. சில மிளகும் தண்ணீரும் மட்டும். நானும் மனதாரத்தான் பிடித்தேன். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை மெடிக்கல் என்று அறிவித்தல் வந்தபோது, விரதத்தை இடையில் முறிக்க அம்மாவும் விடவில்லை, எனக்கும் துணிவு வரவில்லை. கேட்டதைத் தரப்போகிறவரைக் கோபப்படுத்தலாமா?

அப்போது வடக்குப் பக்கம் ஆமியின் செல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஆனாலும் ஆஸ்பத்திரி திறந்துதான் இருந்தது. மிதிக்க முடியாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பொருளாதாரத் தடையால் ஊரே மெலிந்து கிடந்த காலம். அதற்கு மேல் இந்த விரதம் வேறு. நிறை பார்த்த தாதி மிஸி தராசு முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறசர் பார்க்கக் கையை நீட்டும்போதே கண் இருட்டியது.

"சாப்பிட்டனீரோ பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார். நெற்றி நிறையத் திருநீறு.

"இல்லை டொக்டர். விரதம்."

"நானும் விரதம்தான். ஆனா ஒருநேரம் சாப்பிடுறன்." பேனையைத் திறந்தவர் மறுபடி மூடினார். "இந்த நிறைக்கும் பிறசருக்கும் நான் எழுதினால் தகுதியில்லை எண்டுதான் எழுதவேணும். இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லை. திங்கக்கிழமை பாறணையோட விரதத்தை முடிச்சு, ரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டிட்டுப் புதன்கிழமை வாரும். நான் பாத்துப் போட்டுத்தாறன்."

அழுகை வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று வழியெல்லாம் அவரைக் கும்பிட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

திங்கட்கிழமை காலை பாறணை. அம்மா பல கறிகள் வைத்தார். புதன்கிழமையை நினைத்து வயிறு கொள்ளாத அளவுக்குச் சாப்பிட்டேன். அன்று பின்னேரம் இயக்கத்தினர் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, ஆமி நெருங்கிவிட்டது, எங்கள் வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்று சொன்னார்கள். மழைக்குள், சனத்துக்குள், அம்மாவைக் கையில் பிடித்தபடி கொடிகாமம் போய்ச் சேர எத்தனை நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை எப்போது வந்து போனது என்றும் தெரியாது.

அகதிகள் இருந்த பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் அந்த டொக்டரை விசாரித்தேன். அவர் வன்னிக்குப் போய்விட்டார் என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து ஊர் திரும்பினோம். மெடிக்கல் முடித்தவர்களைக் கலாசாலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் என் விண்ணப்பக் கோவையை இரண்டு தரம் புரட்டினார். வெள்ளிக்கிழமை வந்ததையும் டொக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், தகுதியில்லை எண்டு அவர் அண்டைக்கே எழுதியிருந்தால் நீங்கள் அப்பீல் போட்டிருக்கலாம். திருப்பி மெடிக்கலுக்கு விட்டிருப்பினம். அவர் ஒண்டுமே எழுதேல்லையே. நீங்கள் மெடிக்கலுக்கு வரேல்லை எண்டுதான் இதிலை கணக்கு."

வெளியே வந்து, அலுவலக வாசலில் நின்று, அந்த நல்ல மனிதரை வாய்விட்டுத் திட்டினேன்.