பட்டை நின்ற இடம்

ராசிபுரத்தில் நான் கட்டும் வீட்டில் கட்டிங் மெஷின் ஓடி, ஈரக் கல்தூளின் வாடை அறையை நிறைத்தது. சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் கல்லை ஒட்டிக்கொண்டே வந்த மேஸ்திரி, சுவரோடு சேர்ந்த அலமாரி அருகே நிமிர்ந்தார்.

"ஏனுங்க, அலமாரி அடியிலயும் கல்லு ஒட்டட்டுங்களா, இங்கயே வெட்டி நிறுத்தீரட்டுங்களா?"

இதே கேள்வியை அப்பாவிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் சின்னப்பிள்ளை. அப்பாவும் பெரியப்பாவும் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்ட சமயம். இரண்டு பாகத்துக்கும் நடுவே இருந்த கதவு வாசலைப் பெரியப்பா பக்கம் ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவர் வைத்து அடைத்தார்கள். எங்கள் பக்கம் மிஞ்சிய குழிவில் பலகை அடித்து, கதவு போட்டு, அலமாரியாக்கினார்கள். தரையோரம் கறுப்பு சிமெண்டுப் பட்டை பூசி வந்த கொத்தனார் அங்கே வந்து நின்றார்.

"அந்த எடத்துல பூச வேண்டாம், உடுங்க" என்றார் அப்பா.

டம்ளர் எடுக்க அலமாரியைத் திறந்தால் பெரியம்மா பேசுவது கேட்கும்.

"அம்மா, பெரீம்மா அலமாரிக்குள்ளயா இருக்கறாங்க?"

"கதவச் சாத்து சாமி" என்றாள் அம்மா.

அப்பா ஏன் அந்த இடத்தை விட்டார்? என்றைக்காவது அடைப்பைத் திறக்கலாம் என்றா? தன் அண்ணன் நடந்த வாசல் அப்படியே மூளியாகக் கிடக்கட்டும் என்ற கோபமா? அல்லது சிமெண்டு தீர்ந்துவிட்டதா? கேட்க இப்போது யாரும் இல்லை.

"என்னங்க, ஒட்டீரட்டுங்களா?"

இந்த அலமாரிக்குப் பின்னால் காலி மனைதான். "உடுங்க" என்றேன்.

மேஸ்திரி டீ குடிக்கப் போனதும் அலமாரியைத் திறந்து, உள்ளே காது கொடுத்து நின்றேன்.