பட்டன் அக்காவின் அறக்கட்டளை

லிஃப்ட் தொழிலாளர்களின் பன்னாட்டுச் சம்மேளனம் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. ஓடிய காலமும் உண்டு, அதை நினைவில் வைத்திருப்பவர்கள்தான் குறைவு. எத்தனையோ நாடுகளில் லிஃப்ட் மாட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் தலைமை அலுவலகம் அது. ஆனால் அங்கே வருகிறவர்கள் மூச்சு வாங்கப் படியேறித்தான் வர வேண்டும். கேட்டால், கட்டடக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது.

நான்காவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய சின்ன அறை சம்மேளனத்தின் கல்வி அறக்கட்டளைக்கு உரியது. ஒரு மேஜை, கால் ஆடும் இரண்டு நாற்காலிகள், சுவரில் அறைக்குப் பொருந்தாத பெரிய திரை, ஜன்னலோரம் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். லிஃப்ட் வேலையில் உயிர் விட்ட உறுப்பினர்களின் பிள்ளைகளைப் படிக்க வைப்பது இந்த அறையின் வேலை. செயலாளர், எழுத்தர், தேநீர் போடுகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் சம்மேளனத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். பட்டன் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயர் பழைய வேலையில் ஒட்டியது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் சிவப்புப் பட்டனை அழுத்துவார்கள் அல்லவா? அப்போது ஒரு குரல் வரும். ஒரு பெரிய கம்பெனியில் பல வருடம் அந்தக் குரலாக இருந்தவர் அக்கா. முதலில் லிஃப்டின் எண்ணைக் கேட்க வேண்டும் என்பது கம்பெனி கொடுத்த பாடம். மூச்சு முட்டிப்போய் நிற்கிறவரிடம் எண்ணைக் கேட்டால் அவர் மேலும் பதறுவார் என்று அக்கா சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் அவர் கேட்கிற முதல் கேள்வியே வேறு.

"நீங்க எங்க நிக்கறீங்க? பக்கத்துல யாரு இருக்காங்க?"

இதைக் கேட்டதும் மனிதர்கள் தம்மையறியாமல் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், போன உயிர் திரும்பி வரும். பிறகு மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறவரை அக்கா பேச்சை விட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரனை அடிக்கக் கிளம்பிய ஒருவர், அக்காவோடு பேசிப் பேசிக் கோபம் வடிந்து, கதவு திறந்ததும் வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார். வீட்டில் தையல் வேலை பார்க்கும் அக்காவின் கணவருக்கு இந்தப் பெருமையெல்லாம் எடுபடாது. "வெளியில மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்தறா, உள்ள நான் மாட்டிக்கிட்டிருக்கேன்" என்று துணியைப் பார்த்தே சொல்வார்.

அறக்கட்டளைக்கு வந்த பிறகும் அக்காவின் கேள்வி மாறவில்லை. உதவி கேட்கும் பிள்ளைகளை முதலில் போனில் கூப்பிடுவார், அதையேதான் கேட்பார். "பாத்ரூம்ல நிக்கறேன் அக்கா, வீட்டுல பேச வேற இடமில்ல" என்று ஒரு பையன் சொல்ல, "சரிப்பா, வேலையை முடிச்சிட்டே வா" என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் படிக்கலாம். மருத்துவம், சங்கீதம், சமையல், விமானம் ஓட்டுவது, எதற்கும் தடையில்லை. ஒன்றே ஒன்றுதான் கூடாது, லிஃப்ட் வேலை. இந்த விதியை எழுதியவர் சம்மேளனத்தின் தலைவர். மெக்கானிக்காகத் தொடங்கி இன்ஜினியராக உயர்ந்தவர். கூட வேலை செய்த நண்பனின் உடலை லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியிலிருந்து தன் கையாலேயே தூக்கியவர். அறக்கட்டளை தொடங்கிய அன்று எழுந்து நின்று, "நம்ம பிள்ளைங்க மேல போகட்டும். அவங்க குழிக்குள்ள இறங்க நாம காசு குடுக்கக் கூடாது" என்றார். கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. எந்தப் பிள்ளையும் அந்த வேலைக்கு ஆசைப்படாததால் விதியும் யாரையும் உறுத்தாமல் கிடந்தது.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள்.

"மெக்கானிக் பயிற்சிப் பள்ளியில இடம் கெடச்சிருக்கு அக்கா" என்றாள் போனில். அவள் அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவர். அவர் கீழே குழியில் இருந்தபோது, அது தெரியாமல் மேலே யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அக்கா விதியைச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"அப்ப பரவால்ல அக்கா. அப்பா வேலை பார்த்த கான்ட்ராக்டரே கூப்பிடறாரு. படிப்பெல்லாம் வேண்டாம், நேரா வா, வேலையில பழகிக்கலாம்னு சொல்றாரு. அங்கயே சேர்ந்துக்கறேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பாவும் அப்படித்தான் வேலையில் பழகிக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். "அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரேயடியா இல்லன்னு சொல்லிடுங்க. அவ ஒத்தக்கால்ல நிக்கறா, நான் சொல்றது எதுவும் காதுல ஏறல. நீங்க சொன்னா அடங்கிடுவா."

இல்லை என்று சொல்ல அக்கா விரலைக்கூட அசைக்க வேண்டாம், விதியே சொல்லிவிடும். அம்மாவுக்கும் நிம்மதி, தலைவருக்கும் திருப்தி. அந்தப் பெண் மட்டும் ஒன்றும் தெரியாமல் குழிக்குள் இறங்குவாள். அன்று இரவு வீட்டில் அக்கா, ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொன்ன கணவரிடம் நூலை விட்டுவிட்டு வெறும் ஊசியை நீட்டினார். "உள்ளயும் யாரோ மாட்டிக்கிட்டாங்க போலிருக்கே" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அக்கா அந்த அம்மாவைக் கூப்பிட்டார். "நான் சொல்றதைவிட நீங்களே வந்து எங்க அறக்கட்டளைக் குழுவுல சொல்லுங்கம்மா. உங்க பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க." அம்மா உடனே சரி என்றார்.

இது சம்மேளனத்தில் நடக்காத காரியம். இறந்தவரின் குடும்பத்தைக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்பது தலைவர் போட்ட இன்னொரு கட்டு. அதனால் கூட்டத்தன்று படியேறிவந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர், திரையைப் பார்த்ததும் முகம் சிவந்தார். வெவ்வேறு நாட்டு உறுப்பினர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் இருந்தார்கள். ஒருவருக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது, இன்னொருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் சமையலறைச் சுவரும், ஒரு அம்மாவும், பக்கத்தில் ஒரு பெண்ணின் தோள் மட்டும்.

"என்னம்மா இது? யாரைக் கேட்டு இவங்களைக் கூப்பிட்டே? நம்ம முன்னாடி கெஞ்ச விடறதுக்கா?"

"அவங்க கெஞ்ச வரல அண்ணே. வேண்டாம்னு சொல்ல வந்திருக்காங்க."

தலைவர் திரையின் பக்கம் திரும்பினார். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவரைத் துணியில சுத்திக் கொண்டுவந்தாங்க. முகத்தைக்கூடப் பாக்க விடல. கவனக்குறைவா இருந்துட்டார்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. வீட்டுல ஒரு டம்ளரைக்கூடக் கீழ போடாத மனுசன். இப்ப இவளும் அங்கதான் போவேங்கறா. உங்க விதியில இடமில்லன்னு இவ எதிரே சொல்லிடுங்க ஐயா, போதும்."

"அவங்க சொன்னாலும் நான் போவேம்மா" என்றது அந்தத் தோள்.

அம்மா வெடுக்கென்று திரும்பினார். "அப்படி என்னத்தடி சொல்லிக்குடுக்கறாங்க அந்தப் பள்ளிக்கூடத்துல?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தலைவருக்குத் தெரியும், அந்தப் பள்ளியில் பாடம் எடுத்தவர். கேள்வி என்று வந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"முதல் நாள் எதுவும் சொல்லிக்குடுக்க மாட்டாங்கம்மா. ஆளுக்கொரு பூட்டு குடுப்பாங்க. குழியில இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு அதுல பூட்டணும். சாவி இறங்கறவங்க பையிலயே இருக்கும். அவங்க மேல வந்து திறந்தாத்தான் கரண்டு. வேற யாரு நெனச்சாலும் போட முடியாது."

அந்த அம்மா திரையை நெருங்கி வந்தார்.

"அவருகிட்ட அப்படி ஒரு பூட்டு இல்லையே ஐயா. அவரு சட்டைப் பையை நான்தான் துவைக்கறப்ப பாப்பேன். சாவி எதுவும் இருந்ததில்ல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்கு யாரும் குடுக்கலம்மா. அது கவனக்குறைவு இல்ல. அவரு மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாளும் புருஷன் மேல் உள்ளூர வைத்திருந்த கோபமெல்லாம் அந்த அழுகையில் கரைந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்காவும் அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

"அப்ப இவளுக்குக் குடுங்க" என்றார் அந்த அம்மா. "அந்தப் பூட்டை எம் பொண்ணுக்குக் குடுங்க. அது இல்லாம இவ இறங்கக் கூடாது."

தலைவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "அந்த விதியை எழுதினவன் நான். நானே அடிச்சிடறேன். யாருக்காவது மறுப்பு இருக்கா?" யாருக்கும் இல்லை. திரை காலியானதும் அக்காவிடம் உறுமினார். "இன்னொரு தடவை என்னைக் கேக்காம இப்படிச் செஞ்சே, பாத்துக்க."

"கேட்டா வேண்டாம்பீங்களே அண்ணே" என்று அக்கா தேநீரை நீட்டினார். அவர் முறைத்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

பெண் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாளே பூட்டையும் சாவியையும் படம் பிடித்து அனுப்பினாள். சில வாரம் மெயின் சுவிட்சும் கம்பியும் வகுப்பறைப் பாடமாகவே போய்க்கொண்டிருந்தன. பிறகு ஒரு நாள் காலை, அக்கா கெட்டிலில் தண்ணீர் ஊற்றும்போது போன் அடித்தது. அந்தப் பெண்ணின் அம்மா.

"அக்கா, இன்னிக்குத்தான் முதல்முதலா குழியில இறங்கறாளாம். இப்பத்தான் சொல்லிட்டு வெச்சா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அக்கா கெட்டிலை வைத்துவிட்டு, நாற்காலியின் கால் ஆடாத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"அடுப்புகிட்ட."

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"யாருமில்ல அக்கா."

"நான் இருக்கேன். அடுப்பை அணைச்சிட்டு உக்காருங்க. அவ மேல வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம்."