பொட்டு வைத்த டேப்

மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுகள் எல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க் செத்துப்போன வாரம்தான் அந்த மாமி வந்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிப் பாட்டு போய்விட்டது. பேச்சே காற்றாகத்தான் வந்தது. பல வருடமாக எங்களிடம் பாடிப் பதிந்ததையெல்லாம் தரச்சொல்லிக் கேட்டார். அவரிடம் வேறு நகல் இல்லை.

டேப் இருக்கிறது மாமி, பயப்படாதீர்கள் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் கணினியில் உள்ளதை டேப்பில் ஏற்றி, ராஜா அண்ணாமலைபுரத்தில் முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கூடமே தீப்பிடித்தாலும் நகல் பிழைக்கும். ஏற்றி முடித்ததும் திரையில் ‘வெற்றி’ என்று வரும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்தில் வந்துவிட்டால் அது நடந்துவிட்டது என்றே நம்புவேன். எந்த டேப்பையும் யாரும் திரும்ப ஓட்டிப் பார்த்ததில்லை.

வாங்கிவரப் போனபோதுதான் தெரிந்தது, டேப்புகள் பூஜை அலமாரியில் இருந்தன. வாராவாரம் சந்தனம், குங்குமம், விபூதி.

“சாமிகிட்ட இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னுதாம்பா வெச்சேன்” என்றார் முதலாளி.

தி.நகரிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு டேப்பின் சிறு கதவை நகத்தால் தள்ளினார். மேஜையில் சிவப்பாகத் தூள் கொட்டியது.

“இன்னா மச்சி, இதுக்குக் காதுகுத்தும் பண்ணிட்டீங்களா?”

துடைத்துவிட்டு டேப் ஓட்டும் டிரைவில் போட்டதும் உள்ளே கரகரவென்றது. அவர் சிரிப்பு நின்றது. தூள் நாடாவைக் கீறியிருந்தது. எல்லா டேப்பும் அப்படித்தான். ஒன்றில் மட்டும், தொடக்கத்தில் இருந்த பெயர்ப்பட்டியலை டிரைவ் படித்தது.

மாமியை வரச்சொன்னோம். திரையில் தன் பெயரையும் கீழே ராகங்களையும் பார்த்ததும் முகம் மலர்ந்து, “தோடி இருக்கே” என்றார். அழுத்தினேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. பைரவியும் அப்படியே. பட்டியல் முழுக்க அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன்.

“பேரையாவது நீ வாசி. நான் கேட்டுண்டிருக்கேன்.”

சங்கீதம் தெரியாத குரலில் பெயர்களை வாசித்தேன். மாமி தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பெயர் முடிந்ததும் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமையும் டேப் ஏற்றினேன். ‘வெற்றி’ என்று வந்தது. இந்த முறை திரும்ப ஓட்டிக் கேட்டேன். அந்த வாரம் பதிய வந்த யாரோ ஒரு பெண் துல்லியமாகப் பாடினாள். மாமி இல்லை.