ஹஃப்ஸாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்

தஞ்சாவூரில் வீடு பார்க்க நன்னிலத்திலிருந்து ஏழு தடவை பஸ் ஏறினாள் பர்வின். கணவன் சைபுல்லா சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டினான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவான். "ஸ்கூலை முதல்ல பாரு, அப்புறம் வீட்டைப் பாரு" என்று போனில் சொல்லியிருந்தான். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம்.

மூத்தவள் ஹஃப்ஸாவுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இளையவள் ஹலீமாவுக்கு ஐந்து. மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம், வயலை மனை போட்டு எழுந்த புது நகர் ஒன்றில் வீடு அமைந்தது. எதிரிலேயே இங்கிலீஷ் மீடியம் பள்ளி. இரண்டு பிள்ளைகளையும் ஒரே கேட்டில் கொண்டுபோய் விடலாம் என்ற ஆசையில், குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்ததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

ஹலீமாவுக்கு இடம் கிடைத்தது. ஹஃப்ஸாவின் தலையைத் தடவியபடி தலைமையாசிரியை சொன்னார்: "சேர்த்துக்கிட்டா சும்மா உட்கார்ந்துட்டுப் போவாம்மா. காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே ஒரு பள்ளிக்கூடம் ஊரோட அந்தக் கோடியில இருக்கு. ஹாஸ்டலும் உண்டு."

இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரம். வீட்டில் ஐந்து வயது இளையவள் வேறு. வேறு வழி தெரியாமல் ஹாஸ்டலில் விட்டாள். எதற்காக விட்டுப்போகிறோம் என்று மகளுக்குச் சொல்ல அவளிடம் ஒரு சைகைகூட இல்லை. கேட்டைச் சாத்தியபிறகும் ஹஃப்ஸா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் சில ஞாயிறுகளில் அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். பிறகு அழுகை நின்றது. ஒரு ஞாயிறு பர்வின் போனபோது, வேப்பமரத்தடியில் நாலைந்து பிள்ளைகளோடு ஹஃப்ஸா கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என்ன சொன்னாள் என்று பர்வினுக்குத் தெரியவில்லை.

வருஷம் முடிந்ததும் அந்த வீட்டைக் காலிசெய்து, ஹஃப்ஸாவின் பள்ளிக்கு அடுத்த தெருவில் குடியேறினாள். ஹலீமா வேனில் போய்வரட்டும் என்று முடிவுசெய்துகொண்டாள். மகளை அழைத்துவரப் போனாள். டீச்சர் அமிர்தம் சைகையில் பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னார். ஹஃப்ஸா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, விரல்களால் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா டீச்சர்?"

"ஹாஸ்டல்லயே இருக்கேங்கறாம்மா. வீட்டுல பேசறதுக்கு யாரும் இல்லையாம்."

பர்வின் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தனியே திரும்பினாள்.

அன்றிரவு சைபுல்லா போனில், "புள்ள வீட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டான்.

"வருவா. எனக்குத்தான் இன்னும் பேச வரலை" என்றாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவளும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். விரல்கள் லேசில் வளையவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க ஆறு மாதத்தில் பழகிவிட்டாள். ஹஃப்ஸா படபடவென்று சொல்லும் பதிலில் பாதி, கடைசிவரை அவளுக்குப் பிடிபடவே இல்லை.