சொல்லக் கூடாத வார்த்தை

எங்கள் வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். மழை!

காரணம் இருக்கிறது. எனக்குத் திருத்தங்கல்லில் சின்னதாக ஒரு மத்தாப்புக் கம்பெனி. உங்களுக்குக் கதை எழுதும் நேரம் போக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்ததோ சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில். அவளுக்கு வானம் கறுக்க வேண்டும். எனக்கு வெளுக்க வேண்டும். அதனால் பார்த்துக்கொள்ளும்போது வானத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசுவோம்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா கம்பெனிக்கு வந்திருந்தாள். களத்தில் என் கடைசி லோடு காய்ந்துகொண்டிருந்தது — கம்பி மத்தாப்பு, அன்று காலையில்தான் மருந்தில் தோய்த்து வைத்தது. அது காய்ந்து லாரி ஏறாவிட்டால் இந்தத் தீபாவளி எனக்கு இல்லை.

"பருத்தி எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு..."

அவ்வளவுதான். முளைத்த செடியெல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது, இந்த வாரமும் பொய்த்தால் உழுது அழிக்க வேண்டியதுதான் என்று மச்சான் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்.

பேச்சை மாற்றினேன். மதுரைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டோயிக் என்று அந்தக் காலத்துக் கிரேக்க ஞானிகள். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள்; இல்லாததற்கு ஏங்காதே; நிம்மதி உனக்குள்ளேதான் இருக்கிறது என்கிறார்கள். என்ன சுகமான தத்துவம்! அக்காவிடம் அரைமணி நேரம் அளந்தேன்.

"நல்லாத்தாம்லே இருக்கு. வயித்துல புளியக் கரைக்கையில இதெல்லாம் ஞாபகம் வருமா?"

"வரணும்க்கா. அதுக்குத்தான படிக்கிறது!"

சொல்லி வாய் மூடவில்லை... கிழக்கே, சாத்தூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பொட்டுப் பொட்டாகத் தொடங்கிச் சடசடவென்று பிடித்துக்கொண்டது. நானும் வேலை செய்யும் பெண்களும் களத்துக்கு ஓடினோம். எனக்கு முன்னால் ஓடியது யார் என்கிறீர்கள்? அக்கா! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மத்தாப்புக் கம்பிகள் கோத்த சட்டங்களைத் தூக்கித் தூக்கிக் கொட்டகைக்குள் சேர்க்கிறாள். "ஏலே, அந்தப் பக்கம் புடிலே!" என்று எனக்கே அதட்டல் வேறு.

பாதிதான் தப்பியது. மீதி, கம்பியை விட்டு வழிந்து களத்தில் கரைந்து ஓடியது.

வானத்தைத் திட்ட வாயெடுத்துத் திரும்பினால்... கொட்டகைத் தூணருகே அக்கா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி நிற்கிறாள். அழுகிறாளோ? கிட்டப் போனேன். இல்லை... சிரிப்பு! அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

"ஒன் களத்துல பெய்யணும்னு நான் வேண்டிக்கிடல தம்பி... சத்தியமா வேண்டிக்கிடல..."

கரைந்தது கரைந்ததுதான், அது இனி என் கையில் இல்லை. ஆனால் என் கூடப் பிறந்தவள் சிரிக்கலாமா கூடாதா என்பது? அது என் மூஞ்சியைப் பொறுத்ததல்லவா! அது ஒன்றாவது என் கையில் இருக்கிறதே!

"சிரிக்கா. நல்லா வாய்விட்டுச் சிரி. ஒங்க ஊருப் பக்கமிருந்துதான வந்துச்சு? அங்கனயும் ஊத்தியிருக்கும்."

"நெசமாத்தாஞ் சொல்றியாலே?"

"நெசமாத்தான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதி லோடு போன மனுஷன் சிரிக்கிறானே என்று பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். என்ன செய்ய? மனசு நிஜமாகவே லேசாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எம்புட்டு மழை, பாத்தியாலே!" என்றாள்.

ஐப்பசி மாதத்தில், என் காதுபட, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.